சாட்சி சொல்லாதவள்

1

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துக்குப் புதிதாக ஒரு நர்ஸ் வந்திருக்கிறாள். பெயர் மேரி, ஏற்காட்டுக்குப் பக்கத்து வெள்ளக்கடைக்காரி. ஜெர்மனியின் இந்த மூலையில், வருஷத்தில் பாதி நாள் வெயிலையே பார்க்காத ஒரு சிற்றூரில், ஒருத்தி வந்து "ஏனுங்க்கா, நீங்க ஏற்காடுங்களா?" என்று கேட்டபோது, கையிலிருந்த பெட்பேனை நான் கீழே போடாமல் இருந்ததே பெரிய காரியம்.

இடைவேளையில் இருவரும் காப்பி குடித்தோம். இந்த ஊர்க் காப்பி எனக்குப் பழகிப்போய்விட்டது. அவளுக்கு இன்னும் கஷாயம்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டே ஊர்க்கதை சொன்னாள். யார் எஸ்டேட்டை விற்றார்கள், எந்தப் பஸ் பள்ளத்தில் இறங்கியது, யார் பெண்ணுக்கு எங்கே கல்யாணம் என்று சொல்லிக்கொண்டு வந்தவள், கோப்பையைப் பார்த்ததும் எதையோ நினைத்துக்கொண்டு சிரித்தாள்.

"மஞ்சக்குட்டைல எங்க பெரியம்மா ஊட்டுக்குப் பக்கத்துல ஞானம்னு ஒரு அம்மா இருக்காங்கக்கா. காலமெல்லாம் எஸ்டேட்ல காப்பிப் பழம் பறிச்சவங்க. ஆனா காப்பிய வாயில வெக்க மாட்டாங்க. கிறிஸ்துமஸுக்குக் குடுத்தாக்கூட வேண்டாம்பாங்க. ஏன்னு கேட்டா, 'சாட்சி வரட்டும், குடிக்கறேன்'பாங்க. யாரோட சாட்சின்னு சொல்ல மாட்டாங்க. எவளோ வெளிநாட்டுக்குப் போனவளாம், ஊருல அப்படித்தான் பேசிக்கறாங்க. போனவ போனவதான். எப்படித்தான் மனசு வருதோ, பாருங்க்கா!"

நான் "அப்படியா" என்று சொன்னேன். கோப்பையில் பாதிக் காப்பி இருந்தது. அதைத் தொட்டியில் ஊற்றிக் கழுவி வைத்துவிட்டு, பதினான்காம் எண் அறைப் பாட்டிக்கு மாத்திரை கொடுக்க வேண்டும் என்று எழுந்து போனேன். மாத்திரையை ஏற்கெனவே கொடுத்திருந்தேன்.

அந்த எவளோ நான்தான்.

2

இது புரிய வேண்டுமென்றால் எங்கள் வெள்ளிக்கிழமை ஜெபத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மஞ்சக்குட்டைக்குப் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட். அதில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகள். அங்கே ஏழெட்டுக் குடும்பங்கள் கிறிஸ்தவர்கள். கோயில் ஏற்காடு டவுனில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடைத்தால் போவோம். ஆனால் எங்களுக்கு உண்மையான கோயில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரைட்டர் தாவீது அண்ணன் வீட்டில் கூடும் ஜெபம்தான். எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் என்பதால் அவர் வீட்டில் மட்டும்தான் இருபது பேர் உட்கார இடம் இருந்தது.

அந்த ஜெபத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேறெங்கும் நான் பார்த்ததில்லை. யார் தொடங்கினார்கள் என்றும் தெரியாது. ஒருவர் நடுவில் வந்து முழங்கால் போட்டு, "எனக்கு இது வேணுமுங்க" என்று விண்ணப்பம் சொல்வார். அன்றைக்கே கூட்டத்தில் யாரோ ஒருவர், தனக்குப் பிடித்த ஏதோ ஒன்றை, மனசுக்குள்ளேயே விட்டுவிடுவார். சர்க்கரை, வெற்றிலை, கறி, எதுவாகவும் இருக்கலாம். விட்டது யாருக்காக என்று சொல்லக் கூடாது. கட்டின மனைவிக்கும் சொல்லக் கூடாது. கேட்டது கிடைத்ததும், கேட்டவர் அதே இடத்தில் எழுந்து நின்று வாயால் சாட்சி சொல்ல வேண்டும். அப்போதுதான் விட்டவர் முன்னே வருவார். சாட்சி சொன்னவர் தன் கையாலேயே அந்தப் பொருளை அவருக்குக் கொடுத்துத் திருப்ப வேண்டும். அத்தோடு அந்த ஜெபம் முடிந்தது.

எழுதி அனுப்பினால் செல்லாது. ஆள் விட்டுச் சொன்னாலும் செல்லாது.

ஒரு தடவை தாவீது அண்ணனுக்கு டைபாய்டு வந்து பிழைத்தார். அவர் எழுந்து சாட்சி சொன்னதும் வாட்ச்மேன் மாசிலாமணி தலையைச் சொறிந்துகொண்டு முன்னே வந்தார். அவர் விட்டது பீடி. வேறு வழி? ரைட்டர் தன் கையாலேயே பீடி கொடுத்து, நெருப்பும் வைத்தார். அன்றைக்குப் பார்த்து டவுனிலிருந்து போதகர் வேறு வந்திருந்தார். கூரையில் எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பவர்போல அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நாங்கள் பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தோம். மாசிலாமணி மட்டும் சிரிக்கவில்லை. ஒரு இழுப்பு இழுத்துவிட்டு அழுதார். ரைட்டர் அண்ணன் பிழைத்ததற்கா, பீடி கிடைத்ததற்கா என்று இன்றுவரை எங்களுக்குள் வழக்கு தீரவில்லை.

3

ஞானம் அக்காவுக்கு வாழ்க்கை எதையும் அள்ளிக் கொடுத்துவிடவில்லை. காப்பிக்கு நிழல் தரும் மரங்களில் கிளை கழிக்கிறபோது சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்து அவள் புருஷன் செத்துப்போனார். அப்போது அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஒரே பெண்ணை வைத்துக்கொண்டு பழம் பறித்தாள், களை வெட்டினாள். எனக்கு அவள் சொந்தமில்லை. ஆனால் என் பையன் டேனியல் பிறந்தபோது, என் தாய் சேலத்திலிருந்து வந்துசேர நாளாகிவிட்டது. அதுவரை எனக்கு மருந்து இடித்துக் கொடுத்ததும், துணி அலசியதும் அவள்தான்.

எஸ்டேட் முதலாளிகள் அண்ணன் தம்பிக்குள் கேஸ் வந்து, கேட்டைப் பூட்டிய வருஷம் ஒன்று உண்டு. மழைக்காலம் முழுக்கக் கூலி இல்லை. நான் டவுனில் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன், என் புருஷன் சாமுவேல் ஜீப் ஓட்டினார். ஆகவே எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. மற்ற வீடுகளில் எரியவில்லை. அந்த வருஷம் வெள்ளிக்கிழமை ஜெபம் முடிந்ததும் ஒரே பானை வைப்போம். யார் வீட்டில் என்ன இருக்கிறதோ அது உள்ளே போகும். ஞானம் அக்கா மேலே மலைக் கவுண்டர் நிலங்களில் களை பறித்து, கூலிக்குப் பதிலாக வாங்கிய சாமையைக் கொண்டுவந்து போடுவாள். நான் ஒரு வாரம் அரிசியில் பாதியை வீட்டிலேயே மறைத்து வைத்துவிட்டுப் போனேன். பானையைக் கிண்டிய அவள் என்னைப் பார்த்துச் சிரித்து, "பையனுக்கு வெச்சிருப்ப கண்ணு, வெச்சுக்கோ" என்றாள். எனக்கு அன்று கஞ்சி இறங்கவில்லை.

அந்தப் பஞ்சத்திலும் அவள் ஒன்றை மட்டும் விடவில்லை. மரநாய் தின்று போட்ட காப்பிக் கொட்டையைச் செடிக்கு அடியில் தேடிப் பொறுக்கி, கழுவிக் காயவைத்து, ஓட்டில் கருக வறுத்து, சுக்கோடு சேர்த்து இடித்து வைத்திருப்பாள். வெல்லம் போட்ட வரக்காப்பி. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. "சோறில்லாமக்கூட நான் இருந்துக்குவன். காப்பி இல்லாட்டி மண்ட வெடிச்சிரும்" என்பாள். "அக்கா, பரலோகத்துல காப்பி இல்லீன்னா என்னங்க பண்ணுவீங்க?" என்று தாவீது அண்ணன் சம்சாரம் பாக்கியம் கேலி பண்ணுவாள். "இருக்குமுங்க. இல்லாத எடத்துக்கு என்னைய எதுக்குக் கூப்புடறாரு?" என்று பதில் வரும்.

அவளிடமிருந்துதான் அது போயிருக்கிறது. எனக்காக.

4

எழுபதுகளின் கடைசியில் மிஷன் வழியாக எனக்கு இந்த வேலை கிடைத்தது. நான் மட்டும்தான் போக முடியும் என்றார்கள். கிளம்புவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை நானும் சாமுவேலும் சேர்ந்து நடுவில் முழங்கால் போட்டோம். எங்கள் இருவருக்கும் நடுவில் டேனியல், ஐந்து வயதுகூட ஆகவில்லை. விண்ணப்பத்தை அவர்தான் சொன்னார். ஜெபத்தில் பாட்டு எடுப்பவர் அவர். மலையில் அவர் குரலுக்கு இணை கிடையாது. அன்று குரல் உடைந்துபோய், "எங்க மூணு பேரையும் சீக்கிரம் ஒரே ஊட்டுல இருக்க வெக்கோணுமுங்க, அவ்வளவுதானுங்க" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அது சீக்கிரம் நடக்கவில்லை. இங்கே வெளிநாட்டவர் அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது. அதன் மரப்பெஞ்சில் நான் உட்கார்ந்த நேரத்தைச் சேர்த்தால் ஒரு படிப்பே முடித்திருக்கலாம். நான் தா. எஸ்தர், அப்பா பெயர் தாமஸ். அவர் அ. சாமுவேல். பையன் சா. டேனியல். அதிகாரி மூன்று பெயர்களையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மூவருக்கும் மூன்று குடும்பப் பெயர். நீங்கள் ஒரே குடும்பம் என்று எப்படி நம்புவது?" என்று கேட்டார். எங்கள் ஊரில் குடும்பத்துக்குப் பெயர் கிடையாது, அப்பனுக்குத்தான் உண்டு என்று விளக்க அன்று எனக்கு ஜெர்மன் போதவில்லை. இருந்த ஜெர்மனும் தப்பு. நான் பாஷை கற்றது இல்லத்துப் பாட்டி தாத்தாக்களிடம். அவர்கள் என்னைச் சொந்தப் பேத்தியைப்போல 'நீ' என்பார்கள். அதே பாஷையில் நான் அதிகாரியிடம் போய், "நீ எப்போது பதில் சொல்வாய்?" என்று கேட்டிருக்கிறேன். பஸ் கண்டக்டரையே "ஏனுங்க" போட்டுக் கூப்பிடும் ஊர்க்காரி! அவர் காது சிவந்ததை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

மூன்று வருஷம் கழித்து அனுமதி வந்தது. அப்பனும் பிள்ளையும் விமானத்தில் வந்து இறங்கினார்கள். நான் ஊருக்கு எழுதினேன், கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று. சாட்சியை வாயால் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அடுத்த லீவுக்குப் போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ரூத் பிறந்தாள், லீவு தள்ளிப்போனது. வீடு மாறினோம், இன்னும் தள்ளிப்போனது. யாராவது சர்க்கரையை விட்டிருப்பார்கள், அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்று இருந்துவிட்டேன். ஆற்றைக் கடந்த பிறகு ஓடக்காரனுக்கு என்ன மரியாதை!

5

பிறகு சாட்சி சொல்லவே முடியாமல் போனது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏற்காடு மலையில் கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பை ஒரு கையால் திருப்பியவர், இங்கே ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினார். அவருக்குப் பாஷை வரவில்லை. பையனுக்கு ஆறு மாதத்தில் வந்துவிட்டது. எங்கே போனாலும் பையன்தான் அப்பனுக்கு மொழிபெயர்ப்பு. ஒரு நாள் டாக்டரிடம் அவர் தன் வயிற்றுவலியைச் சொல்ல, அதைப் பையன் ஜெர்மனில் சொல்ல வெட்கப்பட்டுச் சிரித்தான். டாக்டரும் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில், "இத்தன வருசமாச்சு, நாலு வார்த்தை கத்துக்கக் கூடாதா? எனக்கு மானமே போகுது" என்று பிள்ளைகள் முன்னால் சொன்னேன்.

அதற்கப்புறம் அவர் வீட்டில் பாடவில்லை. குடும்ப ஜெபத்தில் பிள்ளைகளும் உட்காரவில்லை. ரூத் சாப்பாட்டுக்கு முன்னால் ஜெர்மனில் ஒரு வரி சொல்லி முடித்துக்கொள்வாள். டேனியல், "உங்க கடவுளுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியுமாம்மா?" என்று கேட்பான். அவனுக்குத் தக்க பதில் சொல்லியிருக்கக்கூடியவர் அவர்தான். அவரோ தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். சண்டை வந்தால் நான் சம்பளத்தில் போய் நிற்பேன். என்னுடையது பெரிய சம்பளம். இரண்டு வருஷத்துக்கு முன் தெற்கே வேறு ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது என்று போனார். வேலைக்காகப் போனதாக அக்கம்பக்கத்தில் சொன்னேன். அவர் திரும்பி வரவில்லை, நானும் கூப்பிடவில்லை.

போன வருஷம் அம்மா செத்தபோது சேலம் போனேன். மலை கண்ணுக்கு எதிரே நின்றது. பஸ் ஏறினால் சாயங்காலத்துக்குள் மஞ்சக்குட்டை. டிக்கெட் தேதி இடம் தரவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். "எங்களை ஒரே வீட்டில் வையும்" என்று கேட்டு வாங்கியதை நானே உடைத்துப்போட்டுவிட்டு, எந்த முகத்தோடு ஸ்தோத்திரம் சொல்வது?

6

மேரி பேசிய பிறகு என்னால் தூங்க முடியவில்லை. ஈஸ்டர் விடுமுறையில் ரூத்தை அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

பஸ் மலையேறும்போது ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டே வந்தேன். "கர்த்தர் என் புருஷனை என்னிடம் கொண்டுவந்து சேர்த்தார்." அது பொய்யில்லையே? கொண்டுவந்து சேர்க்கத்தானே செய்தார்? அதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் போதும். ஞானம் அக்கா காப்பி குடிப்பாள். நான் விமானம் ஏறலாம். பக்கத்தில் ரூத் ஒவ்வொரு வளைவிலும் வாந்தி எடுத்தாள். அவள் முதுகைத் தடவிக்கொண்டே அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன்.

மழை பெய்து, காப்பி பூத்திருந்தது. ஞானம் அக்கா வாசலிலேயே நின்றாள். ஆள் பாதியாகியிருந்தாள். "எஸ்தரு! நொம்ப எளச்சுப் போயிட்டயே சாமி" என்று என்னைச் சொன்னாள். ரூத்தை இழுத்து முத்தம் கொடுத்தாள். ரூத் அவளிடம், "பாட்டி, நீ நல்லா இருக்கியா?" என்றாள். நான் பதறி அதட்டினேன். அவள் கைகொட்டிச் சிரித்தாள். தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்று அந்த ஜெர்மன் அதிகாரி இதைப் பார்த்திருந்தால் சொல்லியிருப்பார்.

எதற்கு வந்திருக்கிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரைட்டர் அண்ணன் வீட்டுக்குள் நுழைந்ததுமே வறுத்த காப்பி வாசனை வந்தது. பாக்கியம் அடுப்பில் போட்டு இறக்கி, ஒரே ஒரு டம்ளரைக் கழுவி எனக்குப் பக்கத்தில் வைத்தாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. இருபது பேர் இருந்த இடத்தில் இப்போது பத்துப் பேர்தான். தாவீது அண்ணன் ரிட்டையராகி, காது மந்தமாகி, பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார். பாட்டு முடிந்ததும், "அம்மிணி, சொல்லும்மா" என்றார்.

எழுந்து நின்றேன். வாக்கியம் தயாராக இருந்ததால் தடங்கலில்லாமல் வந்தது. "கர்த்தர் எங்க ஊட்டுக்காரரையும் பையனையும் என்கிட்டக் கொண்டுவந்து சேர்த்தாருங்க."

"ஸ்தோத்திரம்!" என்றார்கள் எல்லோரும். பாக்கியம் கண்ணைத் துடைத்தாள். ஞானம் அக்கா கையை ஊன்றி எழுந்து, மெல்ல நடந்து, என் எதிரே வந்து நின்றாள்.

"நான் காப்பிய உட்டனுங்க" என்று சபையைப் பார்த்துச் சொன்னாள். அப்புறம் என்னைப் பார்த்து, இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள்.

டம்ளரை எடுத்தேன். சுட்டது. அவள் முகம் பண்டிகைக்குப் புதுச்சேலை கட்டிய பெண்ணின் முகமாக இருந்தது. எனக்குக் கொடுக்க முடியவில்லை.

"அக்கா, இதக் குடிக்காதீங்க. அவரு இப்ப எங்ககூட இல்லீங்க."

தாவீது அண்ணன் "என்ன சொல்லுது?" என்று சத்தமாகக் கேட்டார். பாக்கியம் அவர் காதில் சொன்னாள். ஞானம் அக்கா கையை இறக்கவில்லை.

"எங்க இருக்குது சாமுவேல் தம்பி?"

"வேற ஊர்லீங்க. ரெண்டு வருசமாச்சு."

"சோறு யாரு ஆக்கிப் போடறா?"

உண்மை வெளிவந்துவிட்டால் என்று நான் என்ன கேள்வியெல்லாமோ எதிர்பார்த்துப் போயிருந்தேன். யார் மேல் தப்பு, ஏன் மறைத்தாய், எங்களை ஏன் ஏமாற்றினாய், எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன்.

"தெரியலீங்கக்கா."

"தெரியலையா?" என்றாள். கோபமில்லை. நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை. இரண்டு வருஷமாக அந்த மனிதர் என்ன சாப்பிடுகிறார் என்று நான் ஒரு தடவைகூட நினைத்ததில்லை என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

டம்ளரை என் கையிலிருந்து வாங்கி, குடிக்காமல், பக்கத்து ஜன்னல் திட்டில் வைத்தாள். எனக்கு அழுகையோடு ஆத்திரமும் வந்தது. "குடிச்சிருங்கக்கா, உங்க கால்ல உழறேன். பன்னெண்டு வருசத்துக்கு மேல ஆச்சுங்க. இதுக்கு மேல என்னால தாங்க முடியாது."

"உன்ற தலையில நான் எதையும் ஏத்தலையே கண்ணு. கர்த்தர்கிட்டக் குடுத்தத நீ எதுக்குத் தூக்கிச் சொமக்கற?"

"கேட்டது கெடைச்சும் நான் கெடுத்துட்டேனுங்கக்கா."

"அதனால? கேட்டது கெடைச்சு, கெடைச்சது நெலைச்சாத்தான் அவரு நல்லவருன்னு இருந்தா, மரத்துல இருந்து என்ற ஊட்டுக்காரரு உழுந்த அன்னிக்கே நான் ஜெபத்த உட்டிருக்கோணும். உடலையே. உட்டுட்டு எங்க போறது?" கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "காப்பி கெடக்குது. நீ ரெண்டு வருசமா எங்ககிட்டச் சொல்லாமத் தனியா அழுதிருக்கியே, அதுதான் எனக்கு வருத்தம். ஒரே பானையில கஞ்சி குடிச்சவங்கதானே நாம?"

ரூத்துக்கு என்ன புரிந்ததோ, ஜன்னல் திட்டிலிருந்த டம்ளரை எடுத்துவந்து, "பாட்டி, நீ குடி" என்று நீட்டினாள்.

"நீ சொன்னா குடிக்கலாந்தான் தங்கம். ஆனா கேட்டவங்க ரெண்டு பேரு. ரெண்டு பேரும் வந்து குடுக்கோணும்."

காது கேட்காத தாவீது அண்ணன் அதற்குள் கணக்கை முடித்திருந்தார். "அப்ப விண்ணப்பம் அப்படியே நிக்குது. பழசுதான், புதுசில்ல. எல்லாரும் முழங்கால் போடுங்க" என்றார். அந்த வயதில் அவர்கள் ஒவ்வொருவராகப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு முழங்காலிட்டதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். யாராவது ஒருவர் முகத்தைத் திருப்பியிருந்தால்கூடப் போதும். என் புருஷன் பெயரைச் சொல்லி, அவர் பாட்டைக் கேட்க வேண்டும், அவர் வயிற்றுக்கு நல்ல சாப்பாடு கிடைக்க வேண்டும் என்று அவர்கள் வேண்டினார்கள். ஆமென் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரூத்துதான் சொன்னாள்.

7

திரும்பி வந்த வாரம், அவருடைய போன் நம்பரை டேனியலிடம் கேட்டேன். மாதம் ஒரு தடவை ரயிலேறி அவன் அப்பாவைப் பார்த்துவருவது அப்போதுதான் தெரிந்தது. எதற்கு என்று கேட்காமல் எழுதிக் கொடுத்தான். பிள்ளைகள் நம்மை விட்டுப் போய்விட்டார்கள் என்று நாம்தான் ஊருக்கெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிட்டேன். இந்த ஊர் வழக்கப்படி பெயரைச் சொல்லிப் போனை எடுத்தார். அவர் ஜெர்மன் நன்றாகத்தான் இருந்தது.

"நான்தான்" என்றேன். "மலைக்குப் போயிட்டு வந்தேன்."

"யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?"

"இல்லீங்க. ஞானம் அக்கா காப்பி குடிக்கறதில்ல. நம்ம ரெண்டு பேரும் முழங்கால் போட்டோமே, அன்னில இருந்து."

"நான் வந்து சேர்ந்ததையாச்சும் சொன்னயா?"

"சொன்னேன். பிரிஞ்சு போனதையும் சொல்லிட்டேன். குடிக்காம வெச்சுட்டாங்க. ரெண்டு பேரும் வந்து குடுத்தாத்தான் குடிப்பாங்களாம்."

"எல்லாரும் இருந்தாங்களா?"

"இருந்தாங்க."

"என்னைய நொம்பத் திட்டியிருப்பாங்க."

"திட்டலீங்க. உங்களுக்குச் சோறு யாரு ஆக்கிப் போடறான்னு கேட்டாங்க."

அந்தப் பக்கம் ரிசீவரை மேஜையில் வைத்தது கேட்டது. லைனைத் துண்டிக்கவில்லை, வைத்தார். நாற்காலி நகர்ந்தது. பிறகு, அறையின் மறுகோடியிலிருந்து வருவதுபோல, அவர் அழுவது கேட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் கேட்டதில்லை. டாக்டர் முன்னால் நான் சிரித்த அந்த நாளில்கூட அவர் அழவில்லை.

திரும்பி வந்து எடுத்தார். "நீ என்ன சொன்ன?"

"தெரியலைன்னு சொன்னேன்."

"நானே ஆக்கிக்கறேன். ஒரு வேள ஆக்கி ரெண்டு வேள திங்கறேன். அப்படின்னு எழுதிரு அவங்களுக்கு."

"எழுதினாச் செல்லாதுங்க. நீங்களே வந்து சொல்லுங்க."

சரி என்று அவர் சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. தொழிற்சாலையில் லீவு எப்போது கொடுப்பார்கள் என்று திங்கட்கிழமை கேட்டுப் பார்க்கிறேன் என்றார். அப்புறம் ரூத் இருக்கிறாளா என்று கேட்டார். நான் போனை அவளிடம் கொடுத்துவிட்டு, சமையலறைக்குப் போய் நின்றுகொண்டேன்.